பேசாமல் இருக்க ஒரு பயணம்

வலப்பனையில் காலை ஆறரை பஸ்ஸில் ஏறினேன். கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளர், பையில் இரண்டு சேலை, மாத்திரை, படிக்காமல் வைத்திருந்த ஒரு நாவல். ஆகஸ்ட் விடுமுறை அன்றுதான் தொடங்கியிருந்தது. விடுமுறை முழுக்க ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்பது டாக்டரின் கட்டளை. கிசுகிசுப்பது இன்னும் கெடுதலாம். மீறினால் ஆபரேஷன், அதற்குப் பிறகும் குரல் வரும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள். நடுவே சுவர் கிடையாது, கரும்பலகைதான் எல்லை. பக்கத்து வகுப்பு வாய்பாடு சொல்லும்போது அதற்கு மேலே என் செய்யுள் கேட்க வேண்டும். அப்படிக் கத்திக் கத்தியே தொண்டை போனது.

பள்ளித் தவணை முடிவில் கல்வி அதிகாரி ஒருவர் வந்து, ஆசிரியர்கள் விடுமுறையில் எப்படி இளைப்பாறுவது என்று பேசினார். மலைநாட்டுக்குப் போய்ப் பசுமையைப் பாருங்கள், மனம் லேசாகும் என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உலகமே இளைப்பாற எங்கள் மலைக்கு வருகிறது. நாங்கள் எங்கே போவது? அவர் மைக் கொண்டுவந்திருந்தார். போகும்போது அதை விட்டுவிட்டுப் போயிருந்தால் எனக்கு டாக்டரே தேவைப்பட்டிருக்காது.

வீட்டில் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பேச வருவார்கள். அதனால் அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தங்கை ஸ்டெல்லா வீட்டுக்குப் புறப்பட்டேன். "யாரும் ஒன்ன பேச வைக்க மாட்டாங்க, வாக்கா" என்று போனில் சொல்லியிருந்தாள். தேயிலையிலிருந்து தேயிலைக்கு ஓர் உல்லாசப் பயணம்.

நுவரெலியாவில் ஹட்டன் பஸ்ஸுக்கு மாறினேன். உள்ளங்கையில் 'லிந்துலை' என்று எழுதிக் கண்டக்டரிடம் காட்டினேன். அவர் என் மப்ளரையும் முகத்தையும் பார்த்துவிட்டு, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பினார்.

"பாவம், வாய் பேச முடியாதவங்க. எடம் குடுங்க."

மறுக்க வாய் இல்லை. உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், இத்தனை வருடத்தில் அப்படியோர் ஓய்வு எனக்குக் கிடைத்ததில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏழெட்டுக் கிலோமீற்றர் இறங்கி நானுஓயா வந்தோம். ரயிலில் வந்த வெள்ளைக்காரர்கள் பைகளோடு வான்களில் ஏறி, ஓய்வெடுக்க மேலே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு முதன்முறையாகப் பொறாமை வரவில்லை.

அங்கே ஏறிய ஒருவர் நேராக என்னிடம் வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் தகப்பன்.

"டீச்சர்! எங்க போறீங்க? மகன் தமிழ்ல எப்படிங்க?"

தொண்டையைத் தொட்டுக் கையை அசைத்தேன். அவருக்குப் புரிந்தது. கண்டக்டருக்குப் புரியவில்லை.

"டீச்சரா? அப்ப எங்கிட்ட ஏன் ஊமை மாதிரி கைய காட்டுனீங்க?" என்றார். லிந்துலை வரும்வரை என் பக்கமே திரும்பவில்லை. அங்கிருந்து தோட்டத்துக்கு த்ரீவீல் ஆயிரத்து இருநூறு ரூபாய். பேரம் பேச முடியாததால் கேட்டதைக் கொடுத்தேன்.

முதல் இரண்டு நாள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் வெயிலில் உட்கார்ந்து நாவல் படித்தேன். மூன்றாம் நாள் காலையில் அந்த வாசலில் ஒன்பது பிள்ளைகள் கொப்பியும் பென்சிலுமாக நின்றார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில். ஸ்டெல்லா என் கண்ணைப் பார்க்கவில்லை.

"கோவிச்சுக்காதக்கா. அஞ்சாம் வகுப்பு டீச்சரு மாத்தலாகி நாலு மாசமாச்சு. வேற யாரும் வரல. அடுத்த மாசம் ஸ்கொலர்ஷிப் சோதன. எம் மக மேரியும் எழுதுறா. நீ பேச வேணாம், போர்டுல எழுதிப் போடு, போதும்."

போன ஆசிரியரைத் திட்ட நினைத்தேன். அவருக்கும் ஒரு தொண்டை இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒரு பழைய பலகை இருந்தது. அன்று முழுக்க வாய் திறக்காமல் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் அச்சுப்போல் எழுதினார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் மேரியை எழுப்பி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கைகாட்டினேன். நின்றாள். அடுத்த பிள்ளையும் நின்றது. ஒன்பது பேரும் நின்றார்கள். எழுத்தைப் படம்போல வரைந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எந்தக் கையசைவிலும் காட்ட முடியாது. பிள்ளைகள்மேல் அல்ல அந்தக் கோபம். பசுமையைப் பாருங்கள் என்றவர் அங்கே வந்து இதைப் பார்த்திருக்க வேண்டும்.

"உக்காருங்க" என்றேன். "நான் சொல்றத திருப்பிச் சொல்லுங்க."

அதன் பிறகு விடுமுறை முடியும்வரை தினமும் சொன்னேன். ஸ்டெல்லா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்ததும் கொத்தமல்லியும் இஞ்சியும் கொதிக்க வைத்துத் தந்தாள். "கொரலு கரகரங்குதேக்கா, நாளைக்கு வேணாம்" என்பாள். காலையில் அவளே மேரிக்குத் தலைவாரி அனுப்புவாள். கடைசி நாள் மேரி பாடத்தில் ஒரு பந்தியைத் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மற்ற எட்டுப் பேரும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை லிந்துலைச் சந்தியில் நுவரெலியா பஸ் வந்து நின்றது. அதே கண்டக்டர். என்னைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"இந்தத் தடவ கைய காட்டி ஏமாத்த முடியாது டீச்சர். வாயத் தொறந்து சொல்லுங்க, எங்க எறங்கணும்?"

நானும் சிரித்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? நுவரெலியா என்றேன். காற்றுதான் வந்தது. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடியும் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் என் வாயையே பார்த்தாள். கண்டக்டர் டிக்கட்டைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். மெல்ல மெல்ல அவர் சிரிப்பு நின்றது. முன் சீட்டில் இருந்தவரை எழுப்பினார்.

"உக்காருங்க டீச்சர்" என்றார், தாழ்ந்த குரலில்.

பஸ் மலை ஏறியது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று "வணக்கம் டீச்சர்" என்பார்கள். நான் பதில் சொல்லும்வரை உட்கார மாட்டார்கள், அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.