ரப்பர் கைக்குள் ஒரு பூனைக்குட்டி

பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, நானும் என் தோழியும் ரோபோவுக்கு ஒரு கை செய்துகொண்டிருந்தோம். சிலிக்கோன் ரப்பரில் வார்த்த, கொழுக்கட்டை போல மெத்தென்ற விரல்கள். காற்றை ஏற்றினால் மடங்கும். உள்ளே கரித்தூள் கலந்த ரப்பர் இழை ஓடும். விரல் வளைந்தாலோ, ஏதாவது அதை அழுத்தினாலோ இழையின் மின்தடை மாறும். கணினித் திரையில் கோடு ஏறி இறங்கும். தனியாக உணரி எதுவும் வேண்டாம், விரலே தன்னை உணர்ந்துகொள்ளும் என்பதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

காற்றை ஏற்றும் மோட்டாரின் சத்தம் தாங்காமல் கையை உள்ளறையில் வைத்துவிட்டு, வெளியறையில் கணினியோடு உட்கார்ந்திருப்போம். ஒரு மழைநாளில், கையை மூடவைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, கோடு அசையாமல் நிற்கிறதா என்று சோதித்தோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கோடு மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது, மறுபடி ஏறியது.

"மூச்சு விடுத மாதிரி இருக்குட்டி," என்றாள் தோழி. கடற்கரை ஊர்க்காரி, எதற்கும் பதறமாட்டாள்.

"கரண்டு சரியில்ல," என்று நான் வயரை மாற்றினேன். பலனில்லை. உள்ளறைக்குள் எட்டிப் பார்த்த தோழி திரும்பி, "ஏட்டி, பைய வா," என்றாள்.

மடங்கிய விரல்களுக்கு நடுவே கேண்டீன் பூனைக்குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பேராசிரியர் அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். பதிவான கோட்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோடு ஒரு தடவ வந்தா போதுமாம்மா? திரும்பவும் வரணும்லா. பூனைய வரச் சொல்லுங்க," என்றார்.

தோழி வீட்டிலிருந்து நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து விரல்களுக்கிடையே வைத்தாள். குட்டி தின்றது, வாயை நக்கியது, போய்விட்டது. கருவாட்டு வாடை மட்டும் ரப்பரில் ஒட்டிக்கொண்டது. சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள்.

அடுத்த மழைக்கு அதுவாகவே வந்து படுத்தது. மோட்டார் ஓடி அந்த மேசை வெதுவெதுப்பாக இருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். தோளில் பையோடு கிளம்பிக்கொண்டிருந்த பேராசிரியரைக் கூப்பிட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, உள்ளே பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார்.

"சார், பஸ்ஸு போயிரும்."

"போட்டும்மா. அடுத்தது வரும்."

நாற்காலியை இழுத்தால் சத்தம் வரும் என்று தூக்கி வைத்து உட்கார்ந்தார். குட்டி ஏதோ கனவு கண்டு காலை உதறியது, கோடு துள்ளியது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.