செஞ்சிக் கோட்டையில் என் மாமியார்

இன்று மாமியாரோடு செஞ்சிக் கோட்டைக்குப் போயிருந்தேன்.

ராஜகிரி மலையில் பாதி ஏறியதுமே நான் உட்கார்ந்துவிட்டேன். ஷூ போட்டு வந்த கல்லூரிப் பிள்ளைகளும் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். தேங்காய்த்திட்டில் முப்பது வருடம் மீன்கூடை சுமந்தவர்.

"அக்கா, நிக்காம போறாங்களே, யாரு அவங்க?" என்றாள் ஒரு பெண்.

"எங்க அத்தை" என்றேன். குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது.

ஒருவழியாக உச்சிக்குப் போய், "எப்படி அத்தை?" என்றேன்.

"தலையில கூடை இல்லியே. வெறுங்கையோட ஏறுறது என்னா பெரிய வேலை?"

சாயங்காலம் ஊர் திரும்பி, உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில், "மேல வந்து டீ குடிச்சிட்டுப் போங்க அத்தை" என்றேன்.

"மூணு மாடி ஏறணும். முட்டி வலிக்குதும்மா" என்று ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

கோட்டை ஏறிய முட்டி அது. மருமகள்களே, உங்கள் வீட்டில் எப்படி?