முதுகில் இன்ஜின், காலடியில் கரிசல்

முதுகில் அரை மூட்டை சிமென்ட் கனத்துக்கு இன்ஜினைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் துணி இறக்கையைத் தூக்கி நிறுத்தி, காற்றை எதிர்த்து ஓடுகிற தொழில் என்னுடையது; ஓட்டம் சரியாக அமைந்தால் பறப்பேன், இல்லாவிட்டால் ஓடியதோடு சரி.

பாராமோட்டார் என்று பெயர். சாத்தூர், சிவகாசிப் பக்கம் 'பறக்குற ஃபேன்' என்றால்தான் தெரியும். கடைத்திறப்புக்கு விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு பறப்பேன், கோயில் கொடைக்குப் பூத் தூவுவேன். அதற்கு முன்பு பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ் ஒன்றில் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே கட்டிங் மிஷினில் நின்ற கணேசன்தான் இப்போது கீழே நின்று கயிறு விரிப்பவன், காற்று பார்ப்பவன், நான் விழுந்தால் தூக்குபவன். பத்துப் பேர் பார்க்க ஒரு வேலையைச் செய்து காட்டப்போய் மண்ணில் உருண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான்.

உட்கார்ந்த கதை

பயிற்சி முடித்து வந்ததும் முதல் வேலை, சாத்தூருக்கு வெளியே ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு. பருத்தி எடுத்து முடித்த காட்டில் இறக்கையை விரித்தோம். ஓடினேன். இறக்கை அழகாக எழும்பித் தலைக்கு மேல் வந்து நின்றது. கால் லேசானது. அந்தச் சந்தோஷத்தில் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் தப்பு. நாம் தரையை விடக் கூடாது, தரைதான் நம்மை விட வேண்டும். அதுவரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பயிற்சியில் தினமும் சொல்லியிருந்தார்கள். என் கனமெல்லாம் இன்ஜின் கூண்டின் மேல் இறங்கி, கூண்டு தரையில் மோதி, காற்றாடி முறிந்து, நான் கரிசல் மண்ணில் கோடு போட்டபடி போய் நின்றேன். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா மட்டும் கிட்டே வந்து நிதானமாகக் கேட்டார்: "உக்காரத்தான் போறீகன்னா வீட்டுலயே உக்காந்திருக்கலாமே, எதுக்கு இம்புட்டு தூரம் ஓடி வந்தீக?"

கம்மாய்க்கு விளம்பரம்

விருதுநகர் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்காரர். நான் எழும்பியதும் நேரே அவர் கடை வாசலுக்கு மேலே திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்த்தார். கடைக்கும் நான் ஓடி எழும்புகிற காட்டுக்கும் நடுவே மின்கம்பி போகிறது. தாழ்வாக இருக்கும்போது திரும்பினால் இறக்கை சாய்ந்து உயரத்தை இழக்கும். அந்த நேரம் பார்த்து இன்ஜின் நின்றால் கம்பிதான் கதி. அதனால் காற்றை எதிர்த்து நேராகக் கம்மாய்த் தண்ணீர்ப் பக்கமே ஏறிப்போய், நல்ல உயரம் வந்த பிறகுதான் திரும்பினேன். அதற்குள் நாதஸ்வரம் ஓய்ந்து, வந்தவர்கள் டிபனுக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

இறங்கியதும் கம்பியைக் காட்டி விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எல்லாம் சரிங்க, ஆனா கம்மாயில கெடக்குற கொக்கு எங்க கடையில குக்கர் வாங்காதே."

வேலிக்கு இந்தப் பக்கம்

நாரணாபுரத்துக்கு அப்பால் ஒரு காடு. இடதுபுறம் தள்ளி ஒரு பட்டாசு கம்பெனி வேலி. தூரமாகத்தான் இருக்கிறது, நேராகத்தானே போகப்போகிறோம் என்று நினைத்தேன். வேண்டாம், வேறு காடு பார்ப்போம் என்று கணேசன் சொன்னான். லோடு இறக்கியாகிவிட்டது என்றேன்.

எழும்பியது நன்றாகவே எழும்பினேன். முழு வேகம் கொடுத்ததும் காற்றாடி சுழல்கிற விசை என்னை இடதுபக்கம் திருப்பியது. போதாக்குறைக்கு விளம்பரத் துணியும் ஒரு புதரில் மாட்டி அதே பக்கம் இழுத்தது. இறக்கையைத் திருப்புகிற வலது பிரேக் கயிற்றை இழுத்தேன், போதவில்லை. அந்த உயரத்தில் அதற்கு மேல் இழுத்தால் இறக்கை காற்றை விட்டுவிடும். வேலிக்குப் பின்னால் வரிசையாக அறைகள், வெளியே வெயிலில் எதையோ காயப்போட்டிருந்தார்கள். தலையில் துணி கட்டிய பெண்கள் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. என் முதுகில் கொதிக்கிற இன்ஜின், அதோடு பெட்ரோல்.

இன்ஜினை அணைத்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், கை அணைத்தது. சத்தம் நின்றதும் சீமைக்கருவேலம் புதர் விறுவிறுவென்று மேலே வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம், முள்ளுக்கு நடுவில் விழுந்தேன். இறக்கை இரண்டு இடத்தில் கிழிந்தது; நான் எத்தனை இடத்தில் என்று எண்ணவில்லை.

கம்பெனி போர்மேன் ஓடி வந்தார். முதலில் தண்ணீர் கொடுத்தார். கை கால் அசைகிறதா என்று பார்த்தார். அவரும் கணேசனும் சேர்ந்து முள் எடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எங்க ஆளுக உள்ள வரையில தீப்பெட்டி இருக்கான்னு மடியத் தடவிப் பாத்துத்தான் விடுதோம். நீங்க பெட்ரோல முதுகுல கட்டிக்கிட்டு ஆகாசத்துல இருந்து வாரீக, உங்கள எங்கன நின்னு தடவ?"

அன்றிலிருந்து, கண்ணுக்கெட்டும் தூரத்தில் பட்டாசு அறை தெரிந்தால் இறக்கையைப் பையிலிருந்தே எடுப்பதில்லை. இந்த ஊர்ப் பக்கத்தில் பட்டாசு அறை தெரியாத காடு தேடி அலைவதே பாதி வேலையாகிவிட்டது. "பறக்கத் தொடங்கின பெறகுதாம்லே நீ ரொம்ப நடக்குத" என்பான் கணேசன்.

எம்புட்டுக் காத்து?

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடை விழா. காலை இளங்காற்றில் பூத் தூவுவதாகப் பேச்சு. பூ வந்து சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. கரிசல் காய்ந்தால் காற்று ஒரு நிலையில் நிற்காது. தூசி சுழன்று சுழன்று எழும்பியது. என்னால் முடியாது என்றேன். ஊரே என்னைச் சுற்றி நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் முள் குத்திய இடங்கள் ஞாபகம் இருந்தன. கடைசியில் பெண்கள் மாடியில் ஏறி நின்று பூவைத் தூவினார்கள். நான் தூவியிருந்தால் இவ்வளவு குறி தவறாமல் விழுந்திருக்காது.

விழாக் கமிட்டித் தலைவர் எனக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "காத்து இல்லன்னாலும் ஏறாதுங்கீக, இருந்தாலும் ஏறாதுங்கீக. எம்புட்டுத்தான் வேணும்னு அளந்து சொல்லுங்க, ஆத்தாகிட்ட கேட்டுப் பாக்குறோம்."

சாந்தி ஏறிய நாள்

முள்ளில் விழுந்ததற்குப் பிறகு என் மனைவி சாந்தி இந்தத் தொழிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருநாள் தானாகவே வந்து, என்னையும் கூட்டிப் போங்க, நீங்க என்னதான் செய்யுதீகன்னு பாக்கணும் என்றாள்.

இரண்டு பேர் சீட்டை மாட்டினேன். காற்று இதமாக எதிரே வந்தது. நான் சொல்லும்வரை ஓடிக்கொண்டே இரு, உட்காராதே என்றேன். முன்னால் அவள், பின்னால் நான். அவள் ஓடிய ஓட்டத்துக்கு நான்தான் பின்தங்கினேன். தரை எங்களை விட்டது. நேராக ஏறினோம். கீழே வைப்பாற்று மணல், தூரத்தில் இருக்கன்குடிக் கோபுரம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துவிட்டாள் போல என்று நினைத்து, இறங்கியதும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

ஹெல்மெட்டைக் கழற்றி, என் மைக்கில் பேசுவது கேட்கிற காதோர ஸ்பீக்கரைக் காட்டிச் சொன்னாள்: "பறந்ததுல எனக்கு ஒரு பயமும் இல்ல. ஏறி முடியுற மட்டும் 'மாரியாத்தா, மாரியாத்தா'ன்னு காதுக்குள்ள ஒரு ஆளு முனங்குனாரு பாத்தீகளா, அதுலதான் பயந்துட்டேன்."

பறக்கத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கணக்குப் பார்த்தால் மூட்டையோடு ஓடியதும், ஓடாமல் நின்றதற்குக் காரணம் சொன்னதும் போக மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில்தான் பறந்திருக்கிறேன்.