அக்காவின் மெமரி கார்டு

இப்போது பாட்டு கேட்பதில் எந்தச் சிரமமும் இல்லை. மாதம் பிறந்தால் என் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகிறது, ஊர் உலகத்துப் பாட்டெல்லாம் தானாக வருகிறது. இது உனக்குப் பிடிக்கும் என்று போனே ஒன்றை எடுத்து நீட்டுகிறது. பாதி நேரம் அது சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கிறது. ஆனால் பாட்டைத் தேடிப் பிடிப்பது என்றால் என்ன என்று என் அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருந்தாள். காலையில் மாதனூர் ரோட்டில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்தாள், அடுத்த சம்பளத்தில் பட்டன் போன் ஒன்று வாங்கினாள். பெரிய போனையெல்லாம் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு மெமரி கார்டையும் போட்டுக்கொண்டாள்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொள்வார். அதனால் பாட்டு வாங்குவதும் கொடுப்பதும் அந்தப் பஸ்ஸுக்குள்தான். இரண்டு போனையும் ஒட்டி வைத்து, ப்ளூடூத்தைப் போட்டுவிட்டு, பஸ் குலுங்கினால் பாட்டு கீழே சிந்திவிடும் என்பதுபோல் பத்திரமாகப் பிடித்துக்கொள்வார்களாம். பாட்டு பாதி வரும்போது யாருக்காவது போன் வந்துவிட்டால் பஸ்ஸே திட்டுமாம். அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து அக்காவிடம் எண்பத்து மூன்று பாட்டு இருந்தது. நானே எண்ணியிருக்கிறேன். எந்தப் பாட்டு யார் கொடுத்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். அந்த வயதில் எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடே தகராறு. அவள் மூளையை நினைத்து எனக்கு ஒரே பிரமிப்பு.

ஒரு நாள் அவள் தவறாக ஒரு நம்பரை அழுத்திவிட்டாள். எடுக்க வேண்டியவர் எடுக்கும் வரை காலர் டியூனாக ஒரு பாட்டு ஒலித்தது. நாலே வரி. அவள் அதுவரை கேட்டிராத பாட்டு. அதன்பின் இரண்டு வாரம் அதே நம்பருக்கு அடித்து, அந்த ஆள் எடுப்பதற்குள் கட் செய்து, நாலு வரியை ஐந்து வரியாக்கப் பார்த்தாள். கடைசியில் அந்த மனிதர் திருப்பி அடித்து, போனை எடுத்த அம்மாவிடம், "இன்னாம்மா பேஜார் இது? உங்க வூட்ல யாருக்குதான் நான் வேணும்?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுதப் போவதில்லை.

ஸ்டாரை அமுக்கினால் அதே பாட்டு நமக்கும் வந்துவிடும் என்று போன் கம்பெனிக்காரன் குரல் சொல்லத்தான் செய்தது. அக்கா அமுக்கவில்லை. அப்படி வாங்கினால் நம்மைக் கூப்பிடுகிறவர்களுக்குத்தான் கேட்கும், நமக்குக் கேட்காது. "காசு நம்முளுது, பாட்டு ஊருக்கா?" என்றாள். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தவள் என் அக்கா என்று நான் பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லித் திரிந்தேன்.

அந்தப் பாட்டை அவளுக்கு நான்தான் வாங்கித் தரவேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குக் குளிக்கப் போனதும், பேட்டரியைக் கழற்றி, அதன் அடியில் இருந்த கார்டை எடுத்துக்கொண்டு, உண்டியல் காசோடு மாதனூர் செல் கடைக்கு ஓடினேன். அங்கே கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்கள். எனக்குத் தெரிந்த நாலு வரியைப் பாடிக் காட்டினேன். கடை அண்ணன் சிரித்தார். புதுப் பாட்டுதான், அவரிடமே இருந்தது. இந்த ஒன்றுக்காகக் கார்டைச் செருகுவானேன், இருக்கிற புதுப் பாட்டெல்லாம் சேர்த்து ஏற்றிவிடலாமே என்றார். பிறகு நியாயமாகத்தான் கேட்டார், "எல்லாத்தயும் ஏத்துனா கார்டுல எடம் பத்தாது. பழசெல்லாம் வேணுமா பாப்பா?"

"வேணாண்ணா, எல்லாம் புதுசாவே ஏத்துங்க" என்றேன். பழைய துணியைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கும்போது அம்மா முகத்தில் ஒரு களை வருமே, என் முகத்திலும் அன்று அது இருந்திருக்கும்.

அறுநூறு பாட்டு. எண்பத்து மூன்றைக் கொண்டுபோய் அறுநூறாகக் கொண்டுவந்த தங்கையை யார் திட்டுவார்கள்? துண்டு சுற்றிய தலையோடு வந்த அக்காவிடம் மூச்சிரைக்க விவரம் சொன்னேன். நான் கார்டை மாட்டிக் கொடுத்த போனை அவள் வாங்கினாள். நான் தேடிக் கொண்டுவந்த பாட்டைப் பார்க்கவில்லை. வேறு எங்கோ உள்ளே போய் எதையோ தேடினாள். போனை அணைத்துப் போட்டு மறுபடியும் தேடினாள். பிறகு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். நான் வாங்குவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டேன். அக்கா எழுந்து வந்து நடுவில் நின்றுகொண்டாள். "வுடுமா. பாட்டுதானே, வாங்கிக்கலாம்" என்றாள். என்னை மடியில் போட்டுக்கொண்டு, நான் கொண்டுவந்த அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரை கேட்டாள். நல்லாக் கீது என்றும் சொன்னாள்.

திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸில் வசூல் ஆரம்பமானது. எந்தப் பாட்டை எவளிடம் வாங்கினோம் என்று அக்காவுக்குத் தெரியும், அவரவரும் தங்களிடம் இருந்ததை மறுபடி அனுப்பினார்கள். நாளுக்கு இரண்டு, மூன்று என்று பாட்டு வீடு வந்து சேர்ந்தது. நான் சாயங்காலம் ரோட்டிலேயே நின்றுகொண்டு, எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்பேன். கேட்டுவிட்டு அழவும் செய்வேன்.

இடையில் ஒரு ஞாயிறு அவளுடைய தோஸ்த் வீட்டுக்கு வந்திருந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி. "அதுவும் போய்ட்ச்சாடி?" என்று ரகசியமாகக் கேட்டாள். அக்கா என்னைக் கண்ணால் காட்டி அவள் தொடையைக் கிள்ளினாள். அது என்றால் ஏதோ காதல் சமாசாரம் என்று நானே முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் பல நாள் பெருமையாகக் காப்பாற்றினேன். காப்பாற்ற அங்கே எதுவுமே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆறேழு வாரம் போயிருக்கும். வழக்கம்போல் கேட்டேன். "எல்லாம் வந்துட்ச்சுடி, போ" என்றாள்.

போன மாதம் திருப்பத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது அவளே கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பெரிய மனுஷி. என் போனைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முனகினால் போதும், எந்தப் பாட்டாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் என்றேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு மெட்டை முனகினாள். போன் தேடியது. கிடைக்கவில்லை. இன்னொரு முறை முனகினாள். கிடைக்கவில்லை. சுருதி சரியில்லை என்று நான் அவளைக் குறை சொன்னேன்.

அக்கா சிரித்தாள். "அதுல எப்டிடி கெடைக்கும்? அது நாங்க பஸ்ல கட்ன பாட்டு."

அவர்களுடைய சூப்பர்வைசரைக் கேலி செய்து பதினோரு பெண்கள் சேர்ந்து கட்டிய பாட்டு. முதல் குரல் பள்ளிகொண்டாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுடையது. அவள் கல்யாணமாகி வேலையை விட்டு நின்ற கடைசி நாள், எல்லோருமாகப் பாட, அக்கா தன் போனில் பதிவு செய்தாள். சூப்பர்வைசர் காதுக்குப் போனால் மீதிப் பத்துப் பேருக்கும் வேலை போய்விடும் என்பதால், அதை மட்டும் யாரும் யாருக்கும் அனுப்பக் கூடாது என்று சத்தியம். அந்தப் பஸ்ஸில் எல்லாப் பாட்டும் பத்துப் போனில் இருந்தது. அது ஒன்றுதான் ஒரே ஒரு கார்டில் இருந்தது.

பாடச் சொன்னேன். டிபன் டப்பா மூடியில் தாளம் போட்டுப் பாடினாள்.

"பாபின் நூலு அறுந்துபோனா பழி எம்மேல,
பவுசா நிக்கிற சாருக்குக் கண்ணு கடியாரம் மேல..."

அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. மூடியைத் தட்டியபடியே கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவதான்டி ஃபுல்லாப் பாடுவா" என்று சொல்லிவிட்டு மூடியைக் கீழே வைத்தாள். அந்தப் பெண் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று அவளுக்கும் தெரியாது.

எல்லாம் வந்துட்ச்சு என்று அவள் சொன்ன அன்றைக்கு, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.