எட்டாத சுருதி

மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பதினெட்டு வருஷம் பாடினேன். போன தவக்காலத்துக்கு முன்னால்தான் விலகினேன். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எரிச்சல்தான்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர் எங்களுக்குக் கீபோர்டு வாசிக்க வந்தார். ஐடி வேலை, முப்பது வயதிருக்கும், கெட்டிக்காரர். அவர் வந்ததும் பாட்டுகள் எல்லாம் மேலே ஏறின. எங்கள் குழுவில் மூன்று பெண்களுக்கு நல்ல குரல். அவர்களுக்கு ஏற்ற சுருதியில் வைத்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பூசை தொடங்கும் வருகைப் பாடலின்போது பக்கவாட்டிலிருந்து பார்த்தால், ஜனங்கள் ஸ்கிரீனில் ஓடும் வரிகளை வாய் மூடிப் படித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் என் கணவரும் ஒருவர். முன்பெல்லாம் அவர் குரல் எங்களுக்கே கேட்கும்.

வீட்டில் கேட்டேன். "பல்லவியே என் தொண்டைக்கு எட்டல. அனுபல்லவியில நான் எங்க போறது?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகையில் சொன்னேன். "தம்பி, ரெண்டு கட்டை இறக்கிப் போடுங்க. ஜனங்களால பாட முடியல."

"இறக்கினா டல்லடிக்கும் ஆன்ட்டி. அவங்கதான் எப்பவுமே பாடறதில்லையே."

"பாடிக்கிட்டிருந்தாங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சுருக்கென்று சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. குழுவில் மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

பங்குத்தந்தையிடம் போனேன். "ஆன்லைன்ல பூசை பார்க்கிறவங்க எல்லாம் கொயர் பிரமாதம்னு எழுதறாங்க டீச்சர்" என்றார்.

"ஃபாதர், கோயிலுக்கு வந்து நிக்கிறவங்க?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு ஞாயிறு மட்டும் இறக்கிப் பார்க்கலாம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறுக்காக நான்கு பழைய பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். எல்லோருக்கும் மனப்பாடமானவை, தாழ்ந்த சுருதி. கீபோர்டுக்காரர் மறுபேச்சில்லாமல் வாசித்தார். நான் மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நின்று ஜனங்களைப் பார்த்துப் பாடினேன். யாரும் பாடவில்லை. முன் வரிசையில் இரண்டு பேர் உதட்டை அசைத்தார்கள். காணிக்கைப் பாடலிலும் அப்படித்தான். திருவிருந்துப் பாடலின்போது என் கணவர் நற்கருணை வாங்கக் கைகூப்பியபடி வரிசையில் நகர்ந்து வந்தார். வாய் அசையவே இல்லை. எனக்கு அழுகை முட்டியது. கீபோர்டுக்காரர் என்னைப் பார்க்காமல் இருந்தது இன்னும் மோசமாக இருந்தது.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது வெடித்தேன். "இப்ப எட்டலைன்னு சொல்ல முடியாதே! ஏன் பாடல?"

"பழக்கம் விட்டுப்போச்சும்மா. எல்லாரும் சும்மா நிக்கிறப்போ நான் மட்டும் கத்தினா திரும்பிப் பார்க்க மாட்டாங்களா?"

அவரைத் திட்டத்தான் நினைத்தேன். ஆனால் பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு நாளும் ஜனங்களோடு பெஞ்சு வரிசையில் நின்று பாடியதில்லை. மைக்கும் கூட்டுக்குரலும் இல்லாமல் பாடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரமே குழுவிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது கணவர் பக்கத்தில் நின்று பாடுகிறேன். சுருதி பழையபடி மேலே போய்விட்டது. எட்டாத இடத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரம் கூச்சத்தில் குரல் நடுங்கியது. பல்லவி மட்டும் என்றால் இவரும் மெதுவாகச் சேர்ந்துகொள்கிறார்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களுக்கு முன் பெஞ்சிலிருந்த, பங்குக்குப் புதிதாக வந்த ஒரு அம்மா திரும்பினார். "எவ்வளவு நல்லா பாடறீங்க! கொயர்ல சேர்ந்திடலாமே?"

"இங்கயே பாடறேங்க. நீங்களும் பாடுங்களேன்."

"ஐயோ, எனக்கெல்லாம் குரல் வராது" என்று சிரித்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.