ஜீப்புக்கு அடியில் இருந்தவர்

தெலுங்கும் உருதும் புழங்கும் எங்கள் நகரத்தின் லோத்குண்டாவில், ராணுவ கண்டோன்மென்ட் மதிலுக்குள் போய் வேலை செய்கிற எவரையும் மிலிட்டரியில் இருக்கிறார் என்றுதான் சொல்வார்கள். மெஸ்ஸில் சப்பாத்தி தேய்க்கிறவர், ஆபீசர்களுக்கு முடி வெட்டுகிறவர், புல் செதுக்குகிறவர், எல்லாரும் மிலிட்டரி. அதில் பொய் இல்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் வாழ்கிறவர்களின் பேச்சு அது. நான் ரயில்வே காலனியில் வளர்ந்தவன், எனக்கு அந்தப் பேச்சு தெரியாது.

எழுபதுகளின் பின்பாதி. குஷாய்குடாவில் ஒரு சின்ன அச்சகத்தில் தமிழ் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். நாச்சாரத்து ஆலை ஒன்றின் யூனியன் செயலாளர் தேர்தலுக்கு நின்ற ஃபிட்டர் நோட்டீஸ் அடிக்க வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், லோத்குண்டாவில் வீடு, எல்லாருக்கும் அண்ணாச்சி. போன தேர்தலில் தோற்றிருந்தார். இந்தத் தடவையும் தோற்றால் இனி யாரும் தன்னை நிறுத்த மாட்டார்கள் என்று அவரே சொன்னார்.

தன்னைப் பற்றி நாலு வரி சொல்லச் சொன்னேன். எழுபத்தொன்று சண்டை நேரத்தில் மிலிட்டரியில்தான் இருந்தேன் என்றார். அது போதுமாயிருந்தது எனக்கு. அப்போது நான் கவிதை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்த வயது. மனக்கண்ணில் பனி விழுந்தது, புகை எழுந்தது. ‘எல்லையில் நின்று நாட்டைக் காத்த போர்வீரர்’ என்று கோத்தேன். அண்ணாச்சி புரூஃபைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். ஈர மை விரலில் ஒட்டியது. கீழே ஓர் எழுத்துப் பிழையை மட்டும் காட்டிவிட்டுப் போனார்.

நோட்டீஸ் கட்டை வீட்டுக்கே கொண்டுபோனேன். அவர் மனைவி ஒன்றை எடுத்து வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“சண்டையப்போ இவுக மிலிட்டரிலதான் இருந்தாக தம்பி. கண்டோன்மென்ட்டு ஒர்க்‌ஷாப்புல, ஜீப்புக்கு அடியில.”

அண்ணாச்சியும் சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன், பாதியில் நின்றுவிட்டது. தப்பு என்னுடையது, அந்த வரியை எடுத்துவிட்டு வேறு அடித்துத் தருகிறேன் என்றேன்.

“நக்கோடே, வேண்டாம். எலெக்‌ஷன் முடியட்டும், நானே சொல்லிப்பிடுதேன்.”

அதுவரை அது பிழை. அதற்குப் பின் அது என்ன என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. நோட்டீசுகளை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆலை வாசல் காவலர் வட ஆற்காட்டுக்காரர், நிஜமாகவே பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. கேட் கூட்டத்தன்று, வேடிக்கை பார்க்கப் போன நான் பக்கத்தில் நிற்கையிலேயே, அண்ணாச்சியை நிறுத்தி மரியாதையாகத்தான் கேட்டார்: “ஆர்மி நம்பர் இன்னா சார்?”

பட்டாளத்துக்காரன் பெற்ற பிள்ளையின் பிறந்தநாளை மறந்தாலும் மறப்பான், அந்த நம்பரை மறக்கமாட்டான். அண்ணாச்சி தயங்காமல் மூன்று இலக்கம் சொன்னார். ஒர்க்‌ஷாப் டோக்கன் நம்பராக இருக்கவேண்டும். பட்டாளத்து நம்பர் அவ்வளவு குட்டையாக இராது. காவலர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு வழிவிட்டார்.

மேடையில் அண்ணாச்சி கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசினார், ஷிப்ட் பஸ்ஸைப் பற்றிப் பேசினார். உண்மையைச் சொல்ல அங்கே இடம் இருந்தது. யாரும் கேட்காமலே எல்லையில் விழுந்த பனியைப் பற்றிப் பேசினார்.

ஜெயித்தார். சொல்வதாகச் சொன்னதைச் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. அந்தக் காவலர் மட்டும் தினமும் செயலாளரின் அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார் என்று கேள்வி.

சில வருஷம் கழித்து நகராட்சி வார்டுக்கு நின்றார். இந்த முறை நோட்டீசைத் தன் கைப்பட எழுதி வந்தார். அதில் வலது தொடையில் ஒரு குண்டு பாய்ந்திருந்தது. பொய் சொல்கிறவனின் முகம் எங்கேயாவது தென்படுகிறதா என்று தேடினேன். இல்லை. ஒரு வேட்பாளரின் களைப்பும், ரெண்டு நாள் தாடியும் இருந்தன.

“இத நான் கோக்கமாட்டேன் அண்ணாச்சி.”

அவருக்குக் கோபம் வரவில்லை. மனசு நொந்தாற்போல் பார்த்தார்.

“கைக்கு, ஏன் மாட்டே? மொதல்ல எழுதுனது நீதானடே.”

அண்ணாச்சி தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார், அடுத்த அச்சகத்தைப் பார்த்து. போகும்போது வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார்.