கீழே நிற்கிறேன் என்றவர்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மில்லிக்கனில், விமான டிக்கெட் போடும் கடையில்தான் அவரைக் கண்டேன். ஐம்பது வயதிருக்கும். கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாகக் கார்த் திறப்புக் கொத்தை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். குடும்பமாக ஹவாய்க்குப் போகிறார்களாம். அங்கே ஹெலிகொப்டரில் தீவைச் சுற்றிப் பார்க்க மகளுக்கு ஆசையாம்.

“நான் மட்டும் கீழ நிக்கலாமோ, பிள்ளை?” என்று கடைப்பெண்ணிடம் கேட்டார்.

“ஏன் அங்கிள்? மேல இருந்து பாத்தா எல்லாம் வடிவாத் தெரியும்.”

அவர் திறப்பை உருட்டுவதை நிறுத்தினார்.

“சண்டை நேரம் ஊரில ஆமிக்காரர் ஹெலியால சுடேக்க நாங்கள் வயலுக்குள்ளால ஓடினனாங்கள். சின்னப் பிள்ளையள் எண்டு அவங்களுக்கும் வடிவாத் தெரிஞ்சிருக்குமோ?”

“அப்ப உங்கள விட்டிட்டுப் போடவோ, அங்கிள்?” என்று கேட்டாள்.

“சரி, என்னையும் சேர்த்துப் போடுங்கோ. ஏறிப் பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

மேலே போய் அவர் என்ன கண்டார் என்று அறிய எனக்கு ஆசைதான். கேட்கத்தான் பயம்.